காய்ச்சல் கண்ட சிவப்புக் கார்

இந்தப் பூமியில் காருக்குக் காய்ச்சல் பார்த்த ஒரே மனிதர் எங்கள் கிளட்ச் அண்ணன்தான். காலையில் வந்ததும் ஒவ்வொரு காரின் பானெட்டிலும் புறங்கையை வைத்து, "ம்... தேவலை" என்பார்.

தேயிலை விலை விழுந்து, குன்னூர்ப் பக்கம் எங்கள் ஃபேக்டரி மூடிக் கிடந்த காலம் அது. முதலாளி தன் அப்பா சேர்த்துவைத்த ஆறு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை, இலை அரைக்கும் ஹாலில் நிறுத்திக் கண்காட்சி ஆக்கிவிட்டார். கிளார்க்காக இருந்த நான் டிக்கெட் கிழித்தேன். மெக்கானிக்காக இருந்த அண்ணன் சுற்றிக் காட்டினார். ஒரு கார் விலைபோனால் மற்றவையும் போகும். அப்புறம் எங்கள் இருவருக்கும் வேலை இல்லை.

"மெல்லப் பேசுங்க. பச்சை வண்டி இப்பத்தான் கண் அசந்துது" என்பார். கோவையிலிருந்து வந்த குடும்பங்கள் சிரிக்கும். சிரித்துக்கொண்டே குரலைத் தாழ்த்தும். ஓர் அம்மாள் செருப்பையே கழற்றிவிட்டார்.

சிவப்புக் காரைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. கூரையில்லாத, இருவர் மட்டும் உட்காரும் வண்டி. எஞ்சின் கிடையாது, பானெட்டைத் திறந்தால் வெறும் குழி. ஒரு மத்தியானம், பனிமூட்டம் ஜன்னலை அடைத்து நின்றபோது என்னைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க, இதைத் தொட்டுப் பாருங்க."

தொட்டேன். சுட்டது.

"வெயில் பட்டிருக்குங்ண்ணா."

"நாலு நாளா வெயில் எங்கீங்க அடிச்சுது?"

மறுநாளே அந்தக் காரை விலைபேச ஒருவர் வந்தார். "இன்னைக்கு வேண்டாமுங்க. அதுக்கு உடம்பு சரியில்லை" என்று அண்ணன் வழிமறித்தார். வந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். சிரிப்பு நின்றது. பக்கத்து இருக்கையை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"இங்க உட்கார்ந்திருக்கறது யாருங்க?"

யாரும் இல்லை. முன்விளக்குகள் இரண்டும் மங்கலாக எரிந்து அணைந்தன. பேட்டரிகூட இல்லாத கார் அது. மனிதர் கதவைத் திறக்காமலே வெளியே குதித்து, ஒற்றைச் செருப்போடு ஓடினார்.

"பெரிய வித்தைங்ண்ணா! எப்படிப் பண்ணுனீங்க?"

"நான் என்னத்தைப் பண்ணுனேன்? உங்க கையைத்தானே புடிச்சுட்டு நிக்கறேன்."

உண்மைதான். அவர் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன. உதடு வெளுத்திருந்தது.

தேயிலை விலை ஏறி ஃபேக்டரி திறக்கும்வரை அந்தக் காரைக் கேட்டு யாரும் வரவில்லை.

அந்த ஆள் ஓடிய அன்று சாயங்காலம் அண்ணன், "நீங்க கெளம்புங்க, புள்ளைகுட்டிக்காரர். நான் கொஞ்சம் இருந்துட்டு வாறேன். பாவம், அதுவும் பயந்திருக்கும்" என்றார். நடுங்கிக்கொண்டே போய், காரின் அருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

வெளியே, நான் வீட்டுக்குப் போகும் கேத்தி பஸ் ஹாரன் அடித்தது. நான் இன்னொரு ஸ்டூலை எடுத்துப்போய் அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.