மரப் பாலத்துக்குச் சிமென்ட் முகம்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கச்சி எழுதிக்கொள்வது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். நீ போனில் முதலில் கேட்கிற ரெண்டுக்கும் பதில் சொல்லியாச்சு. மீதியைச் சொல்ல நீ விடுவதில்லை, அதனால்தான் கடிதம்.

வீட்டைக் காலி பண்ணிவிட்டு வந்துடு என்கிறாய். வரவில்லை, எனக்கு வேலை இருக்கிறது. உன் மச்சான் பொம்மை ரயிலுக்காக மரத்தில் செதுக்கிய பாலம், அவர் போனதோடு பெயின்ட் அடிக்காமல் நின்றுபோனது உனக்குத் தெரியும். அசல் காங்கிரீட் மாதிரி தெரியணும், மரவேலைப் போட்டியில் ஒரு தடவையாவது தன் பேர் வரணும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போட்டி நடத்தும் சங்கத்துத் தலைவர் வந்து, "அப்படியே வெச்சு, பக்கத்துல சார் போட்டோவை வெச்சிடலாம்மா. முடிக்காததைப் போட்டியில சேர்க்க முடியாது" என்றார். "போட்டோ வீட்டுல இருக்கட்டும், பாலத்தை நான் முடிச்சுத் தரேன்" என்று அனுப்பிவிட்டேன்.

சுவருக்குப் பட்டி பார்க்கத் தெரிந்தவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று மர ரேகை தெரியாமல் பட்டி பூசி, உப்புத்தாளால் தேய்த்து, சாம்பல் பெயின்ட் அடித்தேன், மாடி வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "யானைக்குட்டி நல்லா வந்திருக்குக்கா" என்றாள், சரி அசலையே பார்த்துடலாம் என்று மெயின் ரோட்டுப் பாலத்துக்குப் போய்த் தூணைத் தடவிக்கொண்டிருந்தால் போலீஸ்காரர் வந்து, "என்னம்மா பண்றீங்க" என்கிறார், "ரேகை பார்க்கிறேன்" என்றேன், மனுஷன் ரெண்டடி பின்னால் போய்விட்டார். ஆனால் ரேகை இருந்தது அண்ணா. பலகை அடித்து அதற்குள் ஊற்றின காங்கிரீட் இல்லையா, பலகையின் வரி அத்தனையும் தூணில் பதிந்திருக்கிறது. நான் தோள் வலிக்கத் தேய்த்து எடுத்ததெல்லாம் அங்கே அசலில் இருக்கு!

திரும்பி வந்து ஈரப் பட்டியில் பலகைத் துண்டை அழுத்தினேன், பட்டி பலகையோடு வந்துவிட்டது. அப்புறம் எண்ணெய் தடவி அழுத்தினேன், அச்சு அப்படியே விழுந்தது. ஸ்பாஞ்சால் ரெண்டு மூணு விதச் சாம்பல் நிறத்தை ஒத்தி, மழைக்கறைக்கு டீத்தண்ணியை வழியவிட்டேன். ஒரு இடத்தில் கண்ணீரும் விழுந்துவிட்டது. கறை நல்லாவே இருக்கு, விட்டுட்டேன்.

பாலத்தைப் போட்டிக்கு எடுத்துப்போக வந்த தலைவர் கனமாக இருக்கும் என்று தம் பிடித்துத் தூக்கினார். பாலம் பஞ்சு மாதிரி எழும்ப, அவர் சோபாவில் போய் விழுந்தார். இதுக்கு மேல் என்ன சாட்சி வேணும் உனக்கு?

ஆகவே எனக்குத் துணை வேண்டாம். லீவை வீணாக்காதே. அண்ணிக்கு என் அன்பு, பல் விழுந்த சின்னவளுக்கு ஒரு முத்தம்.

உன் தங்கச்சி

பி.கு.: இப்போதுதான் தலைவர் பாலத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். இது மரமே இல்லை, சிமென்ட் வார்ப்பு என்று நடுவர் ஒத்தைக்காலில் நிற்கிறாராம். அடுத்த வாரத்துக்குள் அடியில் ஒரு ஓரம் சுரண்டி மரத்தைக் காட்டினால்தான் உன் மச்சான் பேர் பட்டியலில் இருக்குமாம். கத்தியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். மேலே இருப்பது என் பூச்சு, அதைச் சுரண்டினால் அவர் உளி பட்ட இடம் தெரியும். எனக்குக் கை வரலை. லீவு போட்டுட்டு வா அண்ணா, நீ சுரண்டு.