தொகாஷியின் ஆள்காட்டி விரல்

உலகக் கலை வரலாற்றைத் தூரிகையும் உளியும்தான் எழுதின என்று நம்புகிறவர்கள், எங்கள் ஊர் நவீனக் கலைக்கூடத் தலைவர் தொகாஷி அவர்களின் ஆள்காட்டி விரலைப் பார்த்ததில்லை. பாவம், அவர்களை மன்னித்துவிடலாம்.

அயனோ அந்த விரலை மிக அருகிலிருந்து பார்த்தாள். அவளுடைய முதல் கண்காட்சி அது. மல்பெரி மரப்பட்டையை வேகவைத்து, கை விறைக்கும் தண்ணீரில் தூசு தும்பு பொறுக்கி, குளிர்காலம் முழுக்க உழைத்து அவள் எடுத்த ஒற்றைத் தாள் ஜன்னலோரம் தொங்கியது. எழுத்தில்லை, படமில்லை. மாலை வெயில் சாயும்போது அதன் இழைகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். ஒரே ஒருத்தர் அதுவரை நின்று பார்த்தால் போதும் என்று அவள் ஆசைப்பட்டாள். யாராவது கேட்டால் 'வெளியோடு உரையாடல்' என்றுதான் சொல்வாள். கலைஞர்கள் ஆசைப்படுவதாகச் சொல்லக் கூடாது.

திறப்பு விழாவில் தொகாஷி அந்தத் தாளின் முன் நின்றார். இங்கே ஜப்பானில், வருடக் கடைசியில் வீட்டுக் காகிதக் கதவுகளின் மரச்சட்டக் கட்டங்களுக்குப் புதுத் தாள் ஒட்டும் முன், பழையதைக் குத்திக் கிழிக்கப் பிள்ளைகளுக்கு அனுமதி உண்டு. கடைக்குட்டியான தொகாஷிக்கு அண்ணன்கள் ஒரு கட்டத்தைக்கூட மிச்சம் வைத்ததில்லை. அந்த ஏக்கம் தலை நரைத்த பிறகும் அவரை விடவில்லை. விரலை நாக்கில் தொட்டார்.

பொத்.

அவசரக் கூட்டம் கூடியது. தேநீரும் ஆரஞ்சும் வந்தன.

"ஓட்டை விழுந்துருச்சு," என்றாள் அயனோ.

"அந்த வார்த்தை வேணாமே, அயனோ," என்றாள் கண்காட்சிப் பொறுப்பாளர் ஹிபினோ. "தலைவர் கை பட்டது எப்படி ஓட்டையாகும்? 'திறப்பு'ன்னு வச்சுக்கலாம்."

"ஒட்டிடட்டுமா?"

"தலைவர் திறந்து வச்சதை மூடுறதா? அப்படி எதையாவது மூடியிருக்கோமா?"

"போன வருஷம் சிற்றுண்டிச்சாலையை மூடினோமே," என்றார் கணக்காளர்.

"அது தானா மூடிக்கிச்சு."

தொகாஷி ஆரஞ்சை உரித்தபடி அடக்கமாகச் சொன்னார்: "நான் ஒண்ணும் பண்ணலைங்க. விரல் தானா போச்சு."

"பாத்தீங்களா. உத்வேகம்னா இதான்," என்றாள் ஹிபினோ.

மறுநாள் பெயர்ப்பலகை மாறியது: 'திறப்பு. படைப்பு: தொகாஷி. காகித உதவி: அயனோ.'

கூட்டம் வரிசை கட்டியது. ஒவ்வொருவரும் குனிந்து ஓட்டை வழியாகப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், குளிர்பானம் விற்கும் சிவப்பு இயந்திரம் தெரிந்தது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன சிவப்பு," என்றாள்.

ஒருவரும் தாளைப் பார்க்கவில்லை. ஓட்டையின் மீது தனக்குப் பொறாமை வந்திருப்பதை அயனோ கண்டுபிடித்தாள். மனிதர்கள் மீது வந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். யோசித்துக்கொண்டே இருந்தவளின் கை, எந்த வீட்டிலும் கிழிந்த காகிதக் கதவுக்குச் செய்வதைச் செய்தது. மிச்சத் தாளில் செர்ரிப் பூ ஒன்று வெட்டி, பசை தடவி, ஓட்டையின் மேல் ஒட்டியது.

ஹிபினோ ஓடி வந்தாள். "என்ன காரியம் பண்ணிட்டீங்க? படைப்பைப் போய்த் தொடலாமா?"

"இது என் தாள்."

"தாள் உங்களுதுதான். யாரு இல்லைன்னா? ஓட்டை தலைவருதாச்சே."

பதற்றத்தில் அவளே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டாள்.

தலைவர் வரவழைக்கப்பட்டார். தாளின் முன் நின்றார். வெயில் சாய்ந்தது. இழைகள் விழித்துக்கொண்டன. அவர் அப்போதும் நகரவில்லை. அயனோ மனசுக்குள் எண்ணினாள். ஒருத்தர். ஒரே ஒருத்தர்.

"பூ அழகா இருக்கும்மா," என்றார் தொகாஷி கனிவாக. பிறகு விரலை நாக்கில் தொட்டார்.

மறுநாள் கலைக்கூடம் புதிய அறிவிப்பு வைத்தது: 'படைப்புகளைத் தொடாதீர்கள். இது குறிப்பாக அவற்றைச் செய்தவர்களுக்கு.' அதை அயனோவின் தாளின் நட்டநடுவிலேயே ஒட்டியிருந்தார்கள். கூடம் முழுக்கத் தேடியும், காலியாக இருந்தது அந்த இடம் ஒன்றுதானாம்.