சாபம் பிடித்த வேன்

ஓக்லஹோமாவின் அந்த மாவட்டத்தில், தேவாலயத்தைவிடக் கூட்டம் சேரும் இடம் ஒன்று உண்டு. ஷெரீப் பறிமுதல் செய்த வண்டிகளை ஏலம் விடும் மைதானம். பானெட்டைத் திறந்து பார்க்கலாம். ஓட்டிப் பார்க்கக் கூடாது. தெரிந்துகொள்ள வழியில்லாத இடத்தில் ஞானிக்குப் பஞ்சமா? ஹாய்ட் வந்துவிட்டார், நூலில் கட்டிய செப்புக் குண்டோடு.

குண்டு நேராக ஆடினால் வண்டி சுத்தம். வட்டமடித்தால் பழைய சொந்தக்காரனின் சாபம் உள்ளே குந்தியிருக்கிறது. காணிக்கை தனி. என்ன அதிசயமோ, சாபம் நல்ல எஞ்சினாகத்தான் பார்த்துப் பிடித்தது. அப்படி நாதியற்றுப்போன வண்டிகளை அடிமாட்டு விலைக்கு ஓட்டிப்போன புண்ணியவான், ஹாய்டின் மச்சான் டூயி. அவரிடம் மட்டும் சாபம் வாலாட்டாது!

வெர்னா ஆப்பிள் பை என்கிற பழப் பலகாரம் சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். அவளுடைய பிக்கப் அடுத்த பனிக்குத் தாங்காது. வண்டி நின்றால் அடுப்பும் நின்றுவிடும். அந்த வெள்ளை வேன்மீது கண் வைத்திருந்தாள். குண்டு வட்டமடித்தது.

"வேணாம் தங்கச்சி. உள்ள ஒருத்தன் அழுவுறான்."

வெர்னா வேனை விட்டு விலகினாள். வீட்டுக்கே போய்விடலாமென்று திரும்பினாள். நிறுத்த இடமில்லாமல் ஏல வரிசையின் கடைசியில் விட்டிருந்த அவளுடைய பிக்கப்பின் பானெட்டுக்குள் ஒரு தொப்பிக்காரர் தலையை விட்டிருந்தார்.

"இதை என்ன வெலைக்கு விடுவாங்கம்மா?"

'அது என் வண்டி' என்று சொல்ல வாயெடுத்தவள், மூடிக்கொண்டாள்.

"ஹாய்டண்ணே! இதையும் கொஞ்சம் பாருங்களேன்."

குண்டு காற்றாலையாகச் சுழன்றது. "ஐயோ! கடத்தல்காரன் வண்டி. இந்த சீட்லயே சுட்டுட்டாங்க. ஆவி இன்னும் ஸ்டியரிங்க விடல!"

"ஆம்பளையா?"

"தாடி வெச்ச ஆளு."

வெர்னா கைப்பையிலிருந்து சாவியை எடுத்து, ஏறி உட்கார்ந்து திருகினாள். பிக்கப் இருமிக்கொண்டே கிளம்பியது.

"நல்லாப் பாருங்கண்ணே, நான்தான் அந்த ஆவி. தாடிதான் இன்னும் மொளைக்கல. காலைல ஆப்பிள் பை ஏத்திட்டு வந்த என் சொந்த வண்டி இது!"

மைதானமே சிரித்தது. "அப்போ போன மாசம் என்னை பயமுறுத்தின லாரி?" என்று ஒருவர் கத்த, எல்லாத் தலைகளும் டூயியைத் தேடின. டூயி வாசலைத் தேடிக்கொண்டிருந்தார்.

வேன் ஏலத்துக்கு வந்தது. பேய் இறங்கியதும் விலை ஏறியது. சற்றுமுன் பின்வாங்கிய கைகளெல்லாம் உயர்ந்தன. வெர்னா விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

"வாய மூடிட்டு இருந்திருந்தா சல்லிசா முடிஞ்சிருக்குமேம்மா?" என்றார் தொப்பிக்காரர்.

"முடிஞ்சிருக்கும். ஆமா, என் ஓட்டை எஞ்சின அவ்வளவு நேரம் குனிஞ்சு பாத்தீங்களே, குண்டை ஆட்டுன கைய ஒரு நிமிஷம் நிமிந்து பாத்தீங்களா?"