சுரங்கச் சித்தரும் ஜோடித் தேங்காயும்

பதுளை பசார் வீதியில் அன்றைக்கு பஸ் நகரவில்லை. வேலைநிறுத்தமாக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சுரங்கச் சித்தர் வந்திருந்தார்!

தங்கராஜா மொத்தக் கடை வாசலில் எள் விழ இடமில்லை. ஹாலிஎலயிலிருந்து ரயிலேறி வந்தவர்கள், எல்ல என்ற ஊரில் வெள்ளைக்காரர்களுக்கு ரூம் விடுகிறவர்கள், ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு லுணுகலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த சனங்கள். ஒருவர் கையில் உடைந்த போன். இன்னொருவர் கையில் மகனுடைய கட்டார் விசா விண்ணப்பம். ஓர் அம்மா ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். "அதுவும் கரண்டுல ஓடுற சாமான்தானேங்க" என்றார். நியாயம்தான். கம்பியூட்டரைப் பிடிக்கிற பேய் குக்கரைப் பிடிக்காதா?

கடைக்கு மேலே பெரிய பேனர். 'கண் திருஷ்டி, செய்வினை, சிக்னல் கோளாறு, வைஃபை வசியம், விபிஎன் கட்டு. எல்லாம் ஒரே பூசையில்!' பேனரில் சித்தர் சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் சிரிக்க மாட்டார்?

ஆளைப் பார்க்க வேண்டுமே! இடுப்பு வரைக்கும் தாடி. கழுத்தில் கொட்டை கொட்டையாக ருத்திராட்சம். தோளிலிருந்து குறுக்காக, பூணூல் போடுகிற இடத்தில், நீல நிற நெட்வேர்க் கேபிள்.

சித்தருக்கு இந்தக் கடையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

தங்கராஜா மொதலாளிக்குப் பதுளையில் பெரிய கடை. ஹாலிஎலயிலும் லுணுகலையிலும் கிளைகள். மூன்றுக்கும் ஒரே கணக்கு, அது பதுளைக் கம்பியூட்டரில். லுணுகலையில் ஒரு மூட்டை பருப்பு விற்றால் பதுளைக் கணக்கில் ஒரு மூட்டை குறைய வேண்டும். அதற்காக ஷிபான் என்ற கம்பியூட்டர் இன்ஜினியர் பதுளைக் கடையில் ஒரு ஃபயர்வோல் பெட்டி வைத்தார். வெளியிலிருந்து வருகிற கண்டதையும் உள்ளே விடாத வாசற்காவல்காரன் அது. அந்தப் பெட்டிக்குள்ளேயே விபிஎன் சேர்வரையும் அமைத்தார். கிளைக்கொரு சின்னப் பெட்டி, அவை கிளையன்ட். கிளையன்ட் தன் சாவியைக் காட்டும், சேர்வர் சரிபார்க்கும். சரியென்றால் வேறு யாரும் எட்டிப்பார்க்க முடியாத ஒரு சுரங்கம் இணையத்துக்குள்ளேயே திறக்கும். அதுதான் விபிஎன், அவ்வளவுதான் சங்கதி.

கொஞ்ச நாள் ஜோராக ஓடியது. அப்புறம் பிடித்தது சனி. இல்லை, ராகு. தினமும் ராகு காலம் தொடங்கினால் லுணுகலை லைன் பொட்டென்று அறுந்துவிடும். பில் போட முடியாது. ஷிபான் மோட்டார் சைக்கிளில் பறந்து வருவார். அவர் வந்து சேரும்போது லைன் சமத்தாக ஓடிக்கொண்டிருக்கும்.

"பெட்டியில ஒரு கோளாறும் இல்ல மொதலாளி. யாரோ உள்ள வந்து நோண்டுற மாதிரி இரிக்கி. பாஸ்வேர்ட்ட மாத்திப் பாப்பம்" என்றார் ஷிபான்.

"நீ பெட்டிய மாட்டுனது அட்டமியில தம்பி. பாஸ்வேர்ட்ட மாத்துனா அட்டமி மாறுமா?" என்றார் மொதலாளி. என்ன அறிவு!

கூப்பிட்டது போல அந்த நேரம் பார்த்து வந்து நின்றார் சித்தர்.

"சுரங்கம்னா பாதாளம். பாதாளம்னா நாகம். நாகம்னா ராகு. ராகு காலத்துல லைன் அறுந்தா, அறுக்கிறவன் வேற யாரு?" என்றார். "ஃபயர்வோல். நெருப்புச் சுவருன்னு பேரு வச்சுப்புட்டு, நெருப்புக்கு ஒரு சூடம் காட்டுனியா நீ?"

மொதலாளி காட்டவில்லை. குற்றம் செய்தவர் மாதிரித் தலையைக் குனிந்தார்.

பூசை நடந்தது. எல்லாரும் கண்ணை மூடிக் கையைத் தலைக்கு மேல் கூப்ப வேண்டும். எல்லாருடைய போனும் அணைந்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் செல்போன் அலை தேவ அலையைக் கலைத்துவிடுமாம். "ஓம் ரீம் ரவுட்டராய நம!" சூடம் எரிந்தது. லைன் வந்தது! கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் ஐஸ் மழை பெய்கிற மாதிரி கேட்டது. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் அப்பினார்கள். காற்றுப் போகிற துளையெல்லாம் அடைந்துவிட்டது. அதைத் துடைக்க வந்த ஷிபானை, "தொட்டா கட்டு அவுந்துரும்!" என்று விரட்டினார்கள்.

மறுநாள் ராகு காலத்தில் லைன் திரும்ப அறுந்தது, திரும்பவும் பூசை; தினமும் இதே கதைதான். சித்தர் தட்சணை வாங்க மாட்டார். கை நீட்டிக் காசு வாங்கினால் சக்தி போய்விடுமாம். ஆகவே அரிசி மூட்டையும் நல்லெண்ணெய் டின்னும் தாமாகவே நடந்து போய் அவருடைய ஆட்டோவில் ஏறிக்கொண்டன. பசாரில் பெட்டி வைத்திருந்த மற்றக் கடைக்காரர்களும், இன்னும் ஒன்றும் அறுந்திருக்காதபோதே, முன்கூட்டிப் பூசைக்குப் பதிந்தார்கள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதைதான், ஜெயந்தினி என்ற பெண் ஒருத்தி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

ஜெயந்தினி லுணுகலைக் கிளையில் பில் போடுகிறவள். பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கிறாள். இரண்டு தம்பிமார் பள்ளிக்கூடம் போவது இவளுடைய சம்பளத்தில். ஒருநாள் அவள் மொதலாளிக்குப் போன் எடுத்தாள்.

"மொதலாளி, போன கெழம சித்தரு தோட்டத்து மேல் டிவிசன் மாரியம்மன் திருவிழாவுக்குப் போயிருந்தாருல்ல? அங்க சிக்னலே எடுக்காது. அவரு அங்க இருந்த நாளெல்லாம் இங்க லைன் ஒருதரங்கூட அறுந்து போகலைங்க. ராகுவும் திருவிழாவுக்குப் போயிட்டாருங்களா?"

மொதலாளி ஸ்பீக்கரில் பேசுகிற பழக்கமுள்ளவர். பக்கத்தில் உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தருக்குப் புரையேறியது.

மறுநாளே அருள்வாக்கு வந்துவிட்டது. "லுணுகலைப் பக்கம் ஒரு பொண்ணு. ஆயில்யம். நாக நட்சத்திரம்! அவ விரலு கீபோர்டுல படுற வரைக்கும் ராகு வெலக மாட்டான். வர்ற வெள்ளிக்கெழமையோட அனுப்பிரு."

"சாமிக்கு எப்புடி நட்சத்திரம் தெரியும்!" என்று மெய்சிலிர்த்தார் மொதலாளி. விசேஷ பூசைக்கென்று வேலையாட்கள் எல்லாருடைய நட்சத்திரத்தையும் சித்தரிடம் சொன்னவரே அவர்தான். அது ஞாபகம் வந்தால் மெய் எப்படிச் சிலிர்க்கும்?

லுணுகலைக்குப் போன் போனது. "வெள்ளிக்கெழமையோட நின்னுக்கம்மா."

"நான் என்னா தப்பு பண்ணேன் மொதலாளி?"

"தப்பு ஒன்னோடது இல்ல. நட்சத்திரத்தோடது."

"தம்பிங்க படிக்கிறானுங்க மொதலாளி. இந்த வேலைய விட்டா நானும் கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குத்தான் போகணும்." அழுதாள். மனசு கெட்ட மனுசர் இல்லை மொதலாளி. பயந்த மனுசர். பயந்தவர்களால் வருகிற கேடு கெட்டவர்களால்கூட வருவதில்லை. போனை வைத்துவிட்டார்.

கல்லாவில் இருந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தார் அவருடைய மனைவி சந்திரகாந்தி. வெள்ளி செவ்வாய் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனால் வருகிற மூட்டையைத் தானே தராசில் போட்டுப் பார்க்காமல் ஒன்றையும் கடைக்குள் இறக்க விடமாட்டார்.

"என்னாங்க, பருப்பக்கூட நிறுத்துத்தானே வாங்குறோம். இந்தாள மட்டும் நிறுக்காமயே உள்ள விட்டுட்டீங்களே" என்றார்.

"சந்திரா, சாமி குத்தமாயிரும்!"

"குத்தமாகாம நிறுக்கிறேன். நீங்க பேசாம இருங்க." அன்றைக்கே ஷிபானுக்கும் ஜெயந்தினிக்கும் போன் போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் நான் ஆரம்பத்தில் சொன்ன கூட்டம். பத்தரைக்கு ராகு காலம். ஆயில்யப் பெண் வெளியேறப் போகிற நாள் என்று பசாரே திரண்டு நின்றது. நடுவே சந்தனத்தில் முழுகிய ஃபயர்வோல். மேசையில் ஒரு போன். ஸ்பீக்கரில் லுணுகலையிலிருந்து ஜெயந்தினி. ஷிபான் ஒரு லெப்டொப்புடன் மூலையில் நின்றார்; பெட்டியைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையில் உள்ளே விட்டிருந்தார்கள்.

சந்திரகாந்தி இரண்டு தேங்காயோடு வந்தார். சின்னத் தேங்காயில்லை, ஒவ்வொன்றும் ஆள் தலை அளவு.

"சாமி, நேத்து கனவுல அம்மன் வந்தா. ராகு காலம் முடியிற வரைக்கும் இந்த ஜோடித் தேங்காய ஒங்க ரெண்டு கையிலயும் ஏந்தச் சொன்னா."

சித்தர் திகைத்தார். "தாயி, கனவெல்லாம் எப்பவும்..."

"ஒங்க கனவுல வந்தா அருள்வாக்கு. என் கனவுல வந்தா அஜீரணமா சாமி?"

கூட்டம் 'ஆமா ஆமா' என்றது. கனவை வைத்துப் பிழைக்கிறவர் கனவை மறுக்க முடியுமா? இரண்டு கையிலும் தேங்காய் ஏறியது.

பத்தரை அடித்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஜெயந்தினி, லைன் இருக்கா?" என்று கேட்டார் சந்திரகாந்தி.

"இருக்குங்க. சீனி பில் போடுறேன்."

கொஞ்ச நேரம் போனது. "இப்ப?"

"இருக்குங்கம்மா. உப்புக் கருவாடு பில்லு."

தேங்காய் ஏந்திய சித்தருக்கு வேர்த்தது. பதுளைக் குளிரில் வேர்ப்பது லேசான காரியமா? ஆனால் நம் சனங்களை என்னவென்று சொல்வது! "சாமி தேங்காய ஏந்துனதும் ராகு பயந்துட்டான்!" என்று ஒருவர் கத்தினார். "அரோகரா!" என்றது கூட்டம். சித்தர் முகத்தில் இரத்தம் திரும்பியது. "பாத்தியா தாயி, நம்ம சக்திய!" என்றார்.

"பாத்தேன் சாமி. இன்னும் கொஞ்சம் பாக்கிறேன். ஷிபான் தம்பி, நீங்க லுணுகலை லைன நிப்பாட்டுங்க."

ஷிபான் லெப்டொப்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அம்மா, லைன் போயிருச்சு!" என்றது ஸ்பீக்கர்.

"சாமி, இப்ப கொண்டாங்க. மந்திரம் வாயிலதானே இருக்கு? வாய நான் கட்டலையே."

சித்தர் கண்ணை மூடினார். "ஓம் ரீம் ரவுட்டராய நம!"

"வரலைங்க."

"ஓம் ரீம் ரீம்!"

"வரலைங்க. கஸ்டமர் சத்தம் போடுறாருங்க."

"முத்திரை புடிக்கக் கை வேணும் தாயி."

"அம்மன் கையில குடுத்தத கீழ வைக்கவா சொல்றீங்க?"

"அப்ப... ஒண்ணுக்குப் போகணும்."

"போங்க சாமி. தேங்காயோட போங்க."

முதல் சிரிப்பு ரைஸ் குக்கர் அம்மாவிடமிருந்து வந்தது. அது தொற்றுநோய் மாதிரிப் பரவியது. சித்தருக்குத் தாங்கவில்லை. வலது கைத் தேங்காயை நழுவவிட்டு இடுப்பு மடிப்புக்குள் கையை விட்டார். தேங்காய் நேரே மொதலாளியின் காலில் விழுந்தது. "ஐயோ அம்மா!" என்று அவர் துள்ளுவதற்கும், சித்தரின் மடியிலிருந்து வந்த போனைச் சந்திரகாந்தி பறிப்பதற்கும் சரியாக இருந்தது.

திரையில் தங்கராஜா கடையின் ஃபயர்வோல் பக்கம் பளிச்சென்று திறந்திருந்தது. ஹாலிஎல, லுணுகலை, அவற்றுக்குக் கீழே யாரும் வைக்காத மூன்றாவது கிளையன்ட் ஒன்று.

"ஆளு தனக்குன்டு ஒரு சாவி செஞ்சி வெச்சிரிக்கிறாரு. அதால உள்ள வந்து லைன அணைக்கிறதும் போடுறதும்" என்றார் ஷிபான். "மொதலாளி, லுணுகலைக்கு நேரா இரிக்கிற இந்தப் பட்டனத் தள்ளுங்க."

மொதலாளி நொண்டிக்கொண்டு வந்து தள்ளினார்.

"லைன் வந்துருச்சுங்க!"

திரும்பத் தள்ளினார். "போச்சுங்க!" இன்னொரு தரம். "வந்துருச்சுங்க!"

"சந்திரா, நானும் சித்தராயிட்டேன் போலிருக்கே!" என்றார் மொதலாளி, வாயைப் பிளந்து.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். 'எனக்கு ஒருக்கா, எனக்கு ஒருக்கா' என்று கூட்டம் பட்டனைத் தள்ள வரிசையில் நின்றது. லைன் வந்தது, போனது, வந்தது. "என்னா நடக்குது அங்க? நான் பில்லு போடவா வேணாமா?" என்று லுணுகலை கத்தியது.

வரிசையில் வந்த ஹாலிஎலக்காரர் ஒருவர் தாடியை உற்றுப் பார்த்தார். "அட, இது நம்ம கிரிஷாந்தன்! போன் ரிப்பேர் கடையப் பூட்டிட்டு ஓடுன பய!"

"பாஸ்வேர்ட் எப்புடிடா கெடைச்சுது ஒனக்கு?" என்று மொதலாளி சட்டையைப் பிடிக்கப் போனார். சட்டை இல்லாததால் கேபிளைப் பிடித்தார்.

"நீங்கதான் குடுத்தீங்க மொதலாளி."

"நானா?"

"பெட்டி வந்த புதுசுல கோயில்ல அர்ச்சனை வச்சீங்கல்ல? பேரு, நட்சத்திரம் கேட்டதுக்கு, பேருக்கு அட்மின்னும் நட்சத்திரத்துக்கு பாஸ்வேர்டும் குடுத்தீங்க. ஐயரு அத மைக்குல எழுத்தெழுத்தா வாசிச்சாரு. நான் சுண்டலுக்கு வரிசையில நின்னேன்."

ஷிபான் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அம்மனுக்குக் கொழப்பம் வரக்கூடாதுன்னு முழு வெவரமும் குடுத்தேன்" என்று முனகினார் மொதலாளி.

ஷிபான் அங்கேயே திருட்டுக் கிளையன்டை நீக்கிப் பாஸ்வேர்டை மாற்றினார். புதியதை மொதலாளியிடம் சொல்லவில்லை. ஆட்டோவில் 'தாமாக' ஏறியிருந்த மூட்டைகளைக் கிரிஷாந்தன் முதுகில் சுமந்து இறக்கிவைத்துவிட்டு பொலிசுக்கு நடந்தான்.

எல்லாம் அடங்கியபின் மொதலாளி மேசைப் போன் பக்கம் குனிந்தார். "ஜெயந்தினி, மன்னிச்சுக்கம்மா. நீ எங்கயும் போக வேணாம். வேற ஒரு சோசியர்கிட்ட இப்பத்தான் கேட்டேன். ஆயில்யம் வியாபாரத்துக்கு ரொம்ப நல்ல நட்சத்திரமாம்!"

சந்திரகாந்தி தலையில் கைவைத்தார்.

"மொதலாளி, கெட்ட நட்சத்திரம்னு அனுப்பவும் வேணாம், நல்ல நட்சத்திரம்னு வச்சுக்கவும் வேணாம்" என்றாள் ஜெயந்தினி. "நான் போடுற பில்லு சரியா இருக்கான்னு பாருங்க. இருந்தா வச்சுக்கங்க."

பில் சரியாகத்தான் இருந்தது. எப்போதும் அப்படித்தான் இருந்தது, பார்க்கத்தான் ஆளில்லை.

உங்கள் ஊருக்கும் ஒருத்தர் வருவார், தாடியோடோ தாடி இல்லாமலோ. அவர் காலில் விழ ஆசைப்பட்டால் தாராளமாக விழுங்கள். அதற்கு முன்னால் ஒரேயொரு தரம் அவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.