முட்டி வலிக்காரரை மாடி தாவ வைத்த கதை

படிக்காத புத்தகத்தைப் படித்ததாக ஒருமுறையாவது புளுகாதவர் உலகத்தில் கிடையாது. ஆனால் அதை எழுதியவர் எதிரிலேயே உட்கார்ந்து, அவர் வீட்டு மிக்சரைத் தின்றுகொண்டே புளுகிய கிறுக்கி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கார்த்தியும் நானும் நாகமலை புதுக்கோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள். ஐந்து வருடக் காதல். என் வீட்டில் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. மிச்சம் வில்லாபுரத்தில் இருந்த அவன் அப்பா மட்டும்தான். ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் கிளார்க். வாழ்நாளில் ஒரே ஒரு கொலை நாவல் எழுதினார், அது சினிமாவாகவும் வந்துவிட்டது. (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் மாமா முதல் வரியிலிருந்து ஆரம்பித்துவிடுவார்.)

"வர்ற மருமக தன்னோட நாவலப் படிச்சிருக்கணும், அம்புட்டுத்தான் அப்பா கேக்குறது. படிச்சுட்டு ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா," என்று கார்த்தி புத்தகத்தைக் கையில் திணித்தான். "ஆனா சினிமாவைப் பத்தி மட்டும் வாயத் தெறந்துறாத. இன்டர்வல்லயே எந்திரிச்சு வந்தவரு அவரு."

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்! படமோ இரண்டேகால் மணி நேரம்தான். ஒரே கதையை எதற்கு இம்புட்டுக் கஷ்டப்பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காலை நீட்டிப் படுத்தபடி போனில் படத்தைப் பார்த்து முடித்தேன். (என் அறிவை நினைத்து எனக்கே புல்லரித்தது.)

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நாவல் எப்படிம்மா இருந்துச்சு?"

"அய்யோ அங்கிள், சோறு தண்ணி இல்லாமப் படிச்சேன்!"

"எந்த எடம் பிடிச்சிச்சு?"

"துப்பறியிறவரு கொலைகாரன விரட்டிக்கிட்டு மாடி விட்டு மாடி தாவுவாருல்ல, அதான் அங்கிள்! கண்ணு முன்னாடி பாத்த மாதிரியே இருந்துச்சு."

சினிமா என்ற சொல்லே வராமல் பேசிவிட்ட பெருமையில் இன்னொரு பிடி மிக்சர் எடுத்தேன். மாமாவின் காபி டம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"யாரு தாவுனா?"

"துப்பறியிறவரு…"

"என் ஆளு ரிட்டயர்டு எட்மாஸ்டரும்மா. அறுபத்தேழு வயசு. ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு. அவரு படியேறுறத மட்டுமே பத்துப் பக்கம் எழுதியிருக்கேன்!"

எடுத்த மிக்சரை மெதுவாகத் தட்டிலேயே திரும்பப் போட்டேன். கார்த்தி என்னைக் காப்பாற்றக் குதித்தான். "அப்பா, அது அவரு கனவுல தாவுறதுப்பா. முப்பத்தெட்டாவது அத்தியாயம்."

"நாவலே முப்பத்தஞ்சோட முடிஞ்சுருச்சுடா."

அடுப்படி வாசலில் நின்ற அத்தை முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. மாமா மெதுவாக அவர் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் படிச்சியா?"

"மொதப் பக்கத்துல ‘என் மனைவிக்கு’ன்னு போட்டிருந்தீங்கள்ல… அது வரைக்கும் படிச்சேங்க."

மாமா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். போச்சு, கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகை வந்தது. அதைவிட, ஆசை ஆசையாக எழுதிய மனுசரை வீட்டோடு சேர்ந்து ஏமாற்றியது அவமானமாக இருந்தது. கதவருகில் போய், "ஒரு பக்கம்கூடப் படிக்கல அங்கிள். படத்தத்தான் பாத்தேன். மன்னிச்சுருங்க," என்றேன்.

கதவு திறந்தது. மாமா கையில் மூன்று புத்தகங்கள்.

"உக்காருங்க மூணு பேரும். முடிச்சப்பறம்தான் கல்யாணப் பேச்சு."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கூடத்தில் உட்கார்ந்து படித்தோம். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே படித்து, சாதாரண இடத்துக்கெல்லாம் கண்ணீர் விட்டார். மாமா தானே டீ போட்டுக் கொடுத்து, "எத்தனாவது பக்கத்துல இருக்கீங்க?" என்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் கொலைகாரன் செத்தவரின் தம்பி; நாவலிலும் அவன்தான் என்று நான் மெத்தனமாகத்தான் படித்தேன். முப்பத்துநாலாம் அத்தியாயத்தில் என்னை அறியாமல் துள்ளி எழுந்துவிட்டேன்.

"அய்யய்யோ, இந்தப் பாவியா! தெனம் முட்டிக்கு எண்ணெய் தேச்சு விட்டவன்ல இவன்!"

தெருவே கேட்டிருக்கும். மாமா சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினார். "கண்டுபிடிக்க முடியலல்ல? முடியலல்ல?" அவர் கண் கலங்கிவிட்டது. அத்தையிடம் திரும்பி, "காலண்டர எடு, நல்ல நாள் பாப்போம்," என்றார்.

கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. ஆனால் விற்காமல் பரணில் கிடந்த பிரதிகளை எல்லாம் மாமா எங்களிடம் மூச்சுவிடாமல் தாம்பூலப் பைகளில் தேங்காயோடு போட்டுவிட்டார். அட்டையில் ரத்தம் சொட்டும் அரிவாள். சோழவந்தான் பஸ்ஸில் பையைத் திறந்து பார்த்த என் பெரியம்மா போட்ட கூச்சலில் டிரைவர் சடன் பிரேக் போட்டாராம்.

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷத்தில் தாம்பூலப் பையை வாங்குகிறவர்கள் முதலில் தூக்கி எடை பார்க்கிறார்கள். கொஞ்சம் கனத்தால் போதும், கையெடுத்துக் கும்பிட்டுவிடுகிறார்கள்.

"தாயீ, எங்க வீட்ல யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. தேங்காய மட்டும் குடு!"