ஃபாரம் அக்கா வாசித்த கடைசி வரி

தேனி மாவட்டத்தில் ஒரு காகிதத்தை முழுசாகப் படிக்கிற பிறவி ஃபாரம் அக்காவைத் தவிர இன்னொன்று கிடையாது. வடை மடித்துத் தந்த தாளைக்கூட வாசித்து முடித்துவிட்டுத்தான் வடையைத் தொடுவார்.

நானும் என் மனைவி ஈஸ்வரியும் குழந்தைக்காக அலைந்த கருத்தரிப்பு மையத்தில், சம்மதப் படிவங்களில் கையெழுத்து வாங்குவது அக்காவின் வேலை. ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்து, "புரிஞ்சதா?" என்பார். சும்மா தலையாட்டினால் போச்சு. "என்ன புரிஞ்சது, சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பார். தேவாரம் ஊரிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர் இரண்டாம் பக்கத்தில் தூங்கிவிட, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாராம்.

எங்கள் முறை வந்தது. மூன்று கருக்கள் தயாராக இருந்தன; அவற்றில் எத்தனையைக் கருப்பையில் வைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஈஸ்வரிக்கு ரத்தக்கொதிப்பு. ஒன்றுக்கு மேல் தங்கினால் அவளுக்கும் ஆபத்து, பிள்ளைகளுக்கும் ஆபத்து, ஒன்றே நல்லது என்றார் டாக்டர். பேரப்பிள்ளைக்காக ஆறு வருஷம் காத்திருந்து, எங்களோடு கூடவே வந்திருந்த என் அம்மா விடுவாரா?

"டாக்டரு சொன்னா சொல்லிட்டுப் போறாக. மூணையும் வச்சு விடச் சொல்லுய்யா. கூடிப்போனா, திராட்சைக் கொத்துல பிஞ்சைக் கிள்ளி விடுறோம்ல, அப்படிக் கிள்ளிக்கிட்டாப் போச்சு!"

கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவருக்கு வேறென்ன தோன்றும்!

அக்கா கண்ணாடியை இறக்கினார். "கொடிகிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கலத்தா. இவகிட்டக் கேக்கணும்."

நான் சமர்த்தாகப் படிவத்தை நீட்டினேன். மூன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே நானே பஞ்சாயத்துப் பண்ணி 'இரண்டு' என்று நிரப்பி, ஈஸ்வரியின் கையெழுத்தையும் அழகாகப் போட்டிருந்தேன்.

"இது யாரு போட்டது?"

"நாந்தான்க்கா. கேஸு சிலிண்டரு, ரேஷனு எல்லாத்துக்கும் அவளுக்கு நாந்தான் போடுவேன்."

"அப்பப் பிரசவத்துக்கும் நீயே போயிப் படுத்துக்கிருவியா தம்பி? இது கள்ளக் கையெழுத்து. சட்டப்படி குத்தம்."

சர்ரென்று கிழித்தார். அவர் ஒரு காகிதத்தை வேகமாகக் கையாண்டு நான் பார்த்தது அப்போதுதான். என்னையும் அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டு, புதுப் படிவத்தை ஈஸ்வரிக்கு மட்டும் வாசித்தார். கதவு வழியே எல்லாம் கேட்டது.

"நீ என்னத்தா நெனைக்கிற?"

"ஒன்னு போதும்க்கா. எனக்குப் பயமா இருக்கு. அதை வளக்க நானும் இருக்கணும்ல."

ஆறு வருஷத்தில் அவள் பயப்படுகிறாள் என்றே எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது. அம்மா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பெண் பிறந்தாள். டிஸ்சார்ஜ் தாளை அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினோம். வழக்கம்போல முதல் வரியிலிருந்து தொடங்கி, கடைசியில் "தாயும் சேயும் நலம்" என்ற இடத்தில் நின்றார். மறுபடி வாசித்தார். மூன்றாம் முறை குரல் வரவில்லை.

"புரிஞ்சதாக்கா?" என்றேன்.

தலையை மட்டும் ஆட்டினார். நான் பரீட்சை வைக்கவில்லை.