சும்மா தொட்டிகள் ஒழிக்கப்பட்ட வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு பல்லாயிரம் ஆண்டுகளாகக் குறிப்பிட்டுச் சொல்லும்படி எதையும் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைத்தவர் பயன் துறையின் ஆணையர். விஞ்ஞானம் என்று ஒரு பக்கம்கூடப் படிக்காமல், ஒரே முற்பகலில், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே, விஞ்ஞானத்தில் சரிபாதி வீண் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். அந்தச் சாதனையைப் பக்கத்தில் நின்று கண்ணாரக் காணும் பாக்கியம் பெற்றவள் நம் இளம் விஞ்ஞானி. பாக்கியம் பெற்றவளின் முகம் அப்போது பேயறைந்த மாதிரி இருந்தது என்பது வேறு விஷயம்.

'இளம் விஞ்ஞானி' என்பது அவள் பதவியின் பெயர். வயதுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஆராய்ச்சி நிலையத்தில் 'இளம்' என்றால் வேலை நிரந்தரமில்லை என்று அர்த்தம். வருஷக் கடைசியில் புதுப்பித்தால் உண்டு. இல்லாவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். பக்கத்து அறை இளம் விஞ்ஞானி போன மாதம்தான் தாத்தா ஆனார்.

உப்பேறிய மண்ணில் தக்காளி வளர்க்க முடியுமா என்பது அவள் ஆராய்ச்சி. ஒரு நுண்ணுயிரைக் கரைசலாக்கி வேரில் ஊற்றினால் செடி உப்பைத் தாங்குமோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம். செடிக்கூடத்தில் இடப்பக்கம் இருந்த தொட்டிகளுக்கு உப்புத் தண்ணீரும் ஊற்றினாள், கரைசலும் ஊற்றினாள். வலப்பக்கத் தொட்டிகளுக்கு உப்புத் தண்ணீர் மட்டும்தான். மருந்து உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால், மருந்தே இல்லாத செடி என்ன ஆகிறது என்றும் பார்த்தாக வேண்டும் அல்லவா? அதற்குத்தான் வலப்பக்கம். நிலையத்தில் எல்லோரும் அவற்றைச் செல்லமாக 'சும்மா தொட்டி' என்பார்கள்.

இந்த ஆராய்ச்சியின் முடிவுக்காக உலகமே காத்திருந்தது என்று சொன்னால் பொய். அவளுடைய அக்கா காத்திருந்தாள். அக்காவுக்கும் அத்தானுக்கும் கடலோரத்தில் கொஞ்சம் நிலம். புயலில் கடல் உள்ளே வந்து போனதிலிருந்து நட்டதெல்லாம் கருகியது. இன்னொரு தடவை நட்டு அதுவும் கருகினால் நிலத்தை விற்றுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வாரம் தவறாமல் போன் வரும்.

"நடலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுடி."

"இன்னும் தெரியலக்கா."

"தெரியலையா? நீ படிக்கணும்னு நான் படிப்ப விட்டேன். கடைசில 'தெரியல'ங்கிறியே!"

"தெரியாதத தெரியலைன்னு சொல்றதுக்குத்தான்க்கா அவ்வளவு வருஷம் படிச்சேன்."

"நல்லாப் படிச்ச, போ! அத நான் எட்டாவதுலேயே சொல்லிட்டேனே."

இந்தச் சமயத்தில்தான் ஆட்சி மாறியது. 'அறிவியல் துறை' முதலில் 'அறிவியல் மற்றும் பயன் துறை' ஆனது. அடுத்த மாதம் தலைப்பு நீளமாக இருப்பதாகக் கருதி, தேவையில்லாத சொல்லை நீக்கி, 'பயன் துறை' என்று ஆக்கினார்கள். நிலையத்தின் இயக்குநர் தம் அறைச் சுவரிலிருந்த பழைய தலைவரின் படத்தைக் கழற்றிவிட்டுப் புதிய தலைவரின் படத்தை மாட்டினார். ஆணி அதே ஆணிதான். அந்த நிலையத்தில் நிரந்தரப் பதவியில் இருந்தது அது ஒன்றுதான்.

பயன் துறைக்கு ஆணையராக வந்தவர் சாமானியர் இல்லை. முன்பு போக்குவரத்தில் இருந்தபோது, ஒவ்வொரு பேருந்திலும் ஒரு சக்கரம் ஓடாமல் வெட்டியாகத் தொங்கிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, நாட்டிலிருந்த ஸ்டெப்னிகளையெல்லாம் ஒரே வாரத்தில் விற்றவர். அதற்கப்புறம் பேருந்துகள் நடுவழியில் நின்றன என்பது உண்மைதான். ஆனால் எடை குறைவாக நின்றன.

அவர் செடிக்கூடத்துக்குள் நுழைந்தார். பின்னால் இயக்குநர், கைகளைக் கட்டிக்கொண்டு. இடப்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டிய ஆணையர், வலப்பக்கம் வந்ததும் நின்றார்.

"இதுக்கு என்ன மருந்து?"

"ஒண்ணும் கிடையாது சார்."

"நிதி பத்தலையா?"

"இல்ல சார். வேணும்னேதான் ஒண்ணும் ஊத்தல."

ஆணையர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கூரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் ஊத்தாம எதுக்கு வச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் ஊத்தலைன்னா என்ன ஆகும்னு பாக்கத்தான் சார்."

"ஒண்ணும் ஊத்தலைன்னா வாடும். இது எங்க வீட்டு வேலைக்காரம்மாவுக்கே தெரியுமே! இதுக்கு ஒரு ஆராய்ச்சியா?"

"இதோட ஒப்பிட்டாத்தான் சார் அதப் பத்தித் தெரியும்."

"ஒப்பிடறதா?" ஆணையரின் குரல் தழுதழுத்தது. "ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு செடி. ஒண்ணுக்கு ஊட்டறீங்க, இன்னொண்ணப் பட்டினி போட்டு வேடிக்கை பாக்கறீங்க. உங்களுக்கெல்லாம் கூடப் பிறந்தவங்க இல்லையாம்மா?"

அப்படிப்பட்ட கருணைக்கு முன்னால் விஞ்ஞானம் எம்மாத்திரம்?

மறுநாளே ஆணை வந்தது. 'நாட்டின் ஆய்வுக்கூடங்களில் உள்ள தொட்டிகளில் பாதி எதுவும் பெறாமல் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. இந்த வீணும் ஓரவஞ்சனையும் உடனே ஒழிக்கப்படுகின்றன. இனி எல்லாத் தொட்டிகளுக்கும் மருந்து உண்டு.' சும்மா தொட்டிகளின் செலவு மிச்சம் என்று சொல்லி, நிதியையும் பாதியாக்கினார்கள். பக்கத்து அறைத் தாத்தாவின் பாடு இன்னும் மோசம். காய்ச்சல் மாத்திரையைச் சோதிக்க அவர் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுத்துவந்தார். அவரைப் 'போலி மாத்திரை விநியோகம்' என்று பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆணையரின் கழுகுக் கண் அதோடு ஓய்ந்துவிடவில்லை. செலவுக் கணக்கில் மூட்டை மூட்டையாக உப்பு இருப்பதை அது பார்த்துவிட்டது. 'ஆராய்ச்சி நிலையத்தில் உப்பு எதற்கு? சமையலா நடக்கிறது?' என்று ஓரத்தில் எழுதி அடித்துவிட்டார். இளம் விஞ்ஞானி இயக்குநர் அறைக்கு ஓடினாள்.

"சார், உப்ப நிறுத்திட்டாங்க. இப்ப செடிக்கு என்ன ஊத்தறது?"

"குழாய்த் தண்ணி ஊத்து."

"குழாய்த் தண்ணில எந்தச் செடியும் வளரும் சார்! மருந்து வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?"

"ஏம்மா, செடி வளரணும்னுதானே நீ ஆராய்ச்சி பண்ற? வளந்தா வளந்துட்டுப் போகட்டுமே. அமைச்சர் வரார், தெரியுமில்ல? ஒரு இலை வாடியிருந்துச்சு, உனக்கும் புதுப்பிப்பு கிடையாது, எனக்கும் கிடையாது."

உப்பு நின்றது, செடிகள் பிழைத்தன. இடப்பக்கம், வலப்பக்கம் என்ற பாகுபாடில்லாமல் காடாக வளர்ந்தன. காய்த்துத் தொங்கின. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஞ்ஞானி தன் செடிகள் செழித்ததைப் பார்த்து வயிறெரிந்தாள்.

அமைச்சர் வந்தார். "இதுல மருந்து ஊத்தினது எது?" என்று கேட்டார்.

"எல்லாமே சார்" என்றார் ஆணையர்.

"வளந்தது எது?"

"எல்லாமே சார்."

"அப்ப நூத்துக்கு நூறு!"

மேடையில் மைக்கை அவளிடம் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "இதுல உப்பே..." என்று ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தை முடிந்துவிட்டதால் இயக்குநர் மைக்கை வாங்கிக்கொண்டார். 'உப்பே தேவையில்லாத தக்காளி' என்று மறுநாள் செய்தி வந்தது. அந்த மேடையிலேயே அவளுக்கு நிரந்தரப் பதவிக்கான உத்தரவையும் கொடுத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பவர்கள், வருஷா வருஷம் டிசம்பர் மாதத்தில் தூக்கம் கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். அவள் வாங்கிக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே அக்கா போன் செய்தாள்.

"டிவியில பாத்தேன்டி! நூத்துக்கு நூறாமே. எங்கிட்ட மட்டும் தெரியல தெரியலன்னு இழுத்தியே, கள்ளி!"

"அக்கா, இப்பவும் தெரியலக்கா. அது வெறும் குழாய்த் தண்ணில வளந்தது. தயவுசெஞ்சு இந்தத் தடவை நடாதக்கா."

"நடாம இருக்க முடியாதுடி. கவர்மெண்டுல நாத்தையும் மருந்தையும் லாரியில கொண்டாந்து இறக்கிட்டாங்க. நடாதவங்களுக்கு வாய்க்கால் தண்ணி கிடையாதாம்."

"அப்ப ஒண்ணு பண்ணு. ஓரத்துல நாலு வரிசைக்கு மட்டும் மருந்து ஊத்தாம விடு."

"எதுக்குடி?"

"சும்மாதான்."

"சும்மாவா? ஊரே ஊத்தும்போது நான் மட்டும் நாலு வரிசைய விட்டா உங்க அத்தான் என்னைக் கிறுக்கிம்பார்."

"கிறுக்கியாவே இருந்துட்டுப் போக்கா, எனக்காக."

அக்கா திட்டிக்கொண்டே நாலு வரிசையை விட்டாள். கூடப் பிறந்த பாவத்துக்கு மனிதர்கள் என்னென்னவோ செய்கிறார்கள்.

பருவம் முடிவதற்குள் கடலோரம் முழுக்கக் கருகியது. வயல் வயலாக, ஊர் ஊராக. வயல்காரர்கள் கொதித்தெழுந்ததும் அரசாங்கம் உடனே விசாரணைக் குழு அமைத்தது. அதற்குத் தலைவர் நம் ஆணையரே. வேறு யாரையாவது போட்டிருந்தால் அவர் ஆணையரைச் சந்தேகப்பட்டு, நடுநிலை கெட்டுப்போயிருக்கும்.

நிரந்தர விஞ்ஞானி என்ற முறையில் அவளும் அழைக்கப்பட்டாள். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட். குழுவின் முதல் முடிவு ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. 'மருந்து ஊற்றாத வயல் நாட்டில் ஒன்றுகூட இல்லை. ஆகவே, மருந்து ஊற்றியிராவிட்டால் நிலைமை இதைவிட மோசமாகியிருக்கும் என்பதை எவராலும் மறுக்க இயலாது.'

அவள் எழுந்தாள். அக்கா அனுப்பிய படங்களை மேஜைமேல் பரப்பினாள்.

"என்னால மறுக்க முடியும் சார். இந்த ஒரு வயல்ல நாலு வரிசைக்கு மருந்து ஊத்தல."

ஆணையர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "கருகிடுச்சே."

"ஆமா சார். பக்கத்துல மருந்து ஊத்தினதும் அதே மாதிரிதான் கருகிடுச்சு. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அப்படின்னா என் மருந்துல ஒண்ணுமில்ல சார். தப்பு என் மருந்துமேலதான். சோதிச்சுப் பாக்காம ஊரெல்லாம் குடுத்தோம்."

தன் மருந்து உதவாது என்று ஒருத்தி தன் வாயாலேயே சொன்னால், அந்த அறையில் யாராவது எழுந்து நின்றிருக்க வேண்டும். பிஸ்கட் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஆணையர் படத்தையே உற்றுப் பார்த்தார். அவருக்கு மெல்ல முகம் மலர்ந்தது.

"நாடு முழுக்க மருந்து ஊத்தாத செடி இது மட்டுந்தானா?"

"ஆமா சார்."

"அப்ப கண்டுபிடிச்சாச்சு! இங்கேருந்துதான் எல்லா ஊருக்கும் பரவியிருக்கு."

"சார்! உப்பு என்ன அம்மையா, ஒட்டிக்க?"

"அப்ப ஏன் எல்லா ஊர்லயும் கருகிச்சு? நாலு வரிசையப் பட்டினி போட்டா பக்கத்துச் செடிக்கு மனசு கேக்குமா? யார் வயல் இது?"

அவள் வாய் திறப்பதற்குள் ஆணையர் படத்தைத் திருப்பினார். படத்தின் பின்னால் அக்கா தன் கையாலேயே பெயரும் ஊரும் எழுதியிருந்தாள். உருப்படியாகச் செய்யும் பழக்கம் அந்தக் குடும்பத்துக்கே உண்டு.

அறிக்கையில் விஞ்ஞானி என்று ஒருத்தர் கையெழுத்துப் போட வேண்டும். "போட்டுடும்மா, நிரந்தரம்மா" என்று இயக்குநர் காதோடு சொன்னார். அவளுக்கு அழுகை முட்டியது. அழுகையைவிட ஆத்திரம் முட்டியது. பேனாவை வாங்கி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் 'அப்படி விடச் சொன்னது நான்தான்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டு வெளியே வந்தாள். அதையே ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு, அறிக்கையை உடனே டிவிக்குக் கொடுத்துவிட்டுக் குழு கலைந்தது. கையோடு வந்த நீக்க உத்தரவுப்படி அவள் இப்போது இளம் விஞ்ஞானியும் இல்லை, நிரந்தர விஞ்ஞானியும் இல்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"என்னடி சொல்றாங்க? நஷ்ட ஈடு உண்டாமா?"

"அக்கா... கடலோரம் முழுக்கக் கருகினதுக்கு உன் நாலு வரிசைதான் காரணமாம்."

"என்னது? அந்த நாலு வரிசைக்கு யாருடி என்ன குடுத்தாங்க?"

"யாரும் ஒண்ணும் குடுக்கலக்கா. அதான் காரணமாம்."

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தாள். "கொஞ்சம் இருடி, வாசல்ல யாரோ சத்தம் போடறாங்க" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

நாட்டில் எது கருகினாலும் அதற்குக் காரணம் ஒன்றுமே கொடுக்கப்படாதவர்கள்தான் என்று கண்டறிந்து சொல்ல ஓர் அரசாங்கத்துக்கு எவ்வளவு பெரிய மூளை வேண்டும்! அறிக்கையை டிவியில் பார்த்த வயல்காரர்கள் எல்லோரும் அக்கா வீட்டு வாசலில் நிற்கிறார்கள். ஆணையர் வீட்டு வாசலில் ஒருவரும் இல்லை.